எழுதியவன் கடமை எழுத்தோடு முடிவதில்லை

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நாவல் எழுத விரும்பும் இளைஞருக்கு நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று சங்கத்தார் எம்மைக் கேட்டுக்கொண்டனர். கதை எழுதுவது எப்படி என்று சொல்லித்தர நூல்கள் உண்டு, ஆசிரியர்களும் உண்டு. எழுதி முடித்த கதை எவ்வாறு நூலாகிறது, நூலானது எவ்வாறு வாசகன் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதைப்பற்றி மட்டும் மேடையிலே பேசுவார் அரியர். பணத்தைப் பற்றிய பேச்சு இலக்கியத்துக்கு இழுக்கு என்று கருதுகிறார்கள் போலும்! ஆயின் நல்ல நாவல்கள் பல பெட்டிக்குள்ளே கறையானுக்கு இரையானதற்கு இந்தப் பேச்சில்லாமையே ஒரு காரணம். ஆகையால் இன்று நாம் அதைப்பற்றியே பேசப்போகின்றோம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எம்மைப் போன்ற சிறிய சமூகத்திலே எழுதியவனே தன் நூலைச் சுமந்து செல்லவேண்டும். வாசிப்பவர்களும் அதை ஏற்க முன்னரே கை நீட்டி நிற்கவேண்டும். இவ்விரண்டும் சேராவிட்டால் இலக்கியம் இல்லை.

இந்தக் கரைக்கு நூல் வெளியீடு புதிய சங்கதியன்று. கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்களை இளைஞர் மறத்தலாகாது. இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் விவரிக்கும் 'சிலோன் கசற்றியர்' என்னும் ஆங்கில நூலை அவர் 1834இல் வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தேழு. தமிழ்ப் புலவர் ஏறக்குறைய இருநூறு பேரின் வரலாற்றைத் திரட்டி, 'தமிழ் புளூட்டாக்' என்ற பெயரிலே 1859இல் ஆங்கிலத்தில் நூலாக்கியவரும் அவரே. அத்தகைய பேரறிஞர் 1841இல் 'உதயாதித்தன்' என்னும் தமிழ் மாத இதழ் ஒன்றையும் தொடங்கினார். அது போதிய ஆதரவு கிட்டாமல் விரைவிலேயே நின்றுபோயிற்று. அறிவுக்கோ உழைப்புக்கோ அவரிடம் குறைவில்லை. இதழைக் காசு கொடுத்து வாங்கி வாசிக்கும் கூட்டம் அன்று திரளவில்லை, அவ்வளவுதான்.

இலங்கையிலே தமிழ் நாவல் பிறந்த கதையும் இதையொத்த பாடத்தையே புகட்டுகிறது. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1882இல், 'முஸ்லிம் நேசன்' என்ற பத்திரிகையை அவர் நடத்தத் தொடங்கியிருந்தார். அதாவது, எழுதுவதற்கு முன்பே அச்சையும் வாசகரையும் அறிந்திருந்தார். யாழ்ப்பாணத்திலே மங்களநாயகம் தம்பையா என்னும் அம்மையார் 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை 1914இல் வெளியிட்டார். பெண்கள் எழுதுவதே அரிதாயிருந்த காலம் அது. இன்று இங்கே பின் வரிசையிலே அமர்ந்திருக்கும் தங்கையர் அதை நினைவிற் கொள்ளவேண்டும்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். மகாகவி பாரதியார் 1920ஆம் ஆண்டிலே தம்முடைய எழுத்துக்கள் அனைத்தையும் நாற்பது நூல்களாக, நூலொன்றுக்குப் பதினாயிரம் பிரதி வீதம் அச்சிட விரும்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் விலைப்படவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக நண்பர்களிடம் கடனுதவி கேட்டு அறிக்கை விடுத்தார். கேட்ட பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். இன்று அவர் நூல்கள் இலட்சக்கணக்கிலே விலைபோகின்றன. அந்தப் பெருமையிலே நாம் களிக்கும்போது, 1920இல் கை நீட்டாத அந்தத் தமிழ்ச் சமூகத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டுமல்லவா?

இனி, இளைஞர் அனைவரும் அறியவேண்டிய நாவலாசிரியர் ஒருவரைச் சொல்கிறோம். அவர் வத்தலக்குண்டு சி. சு. செல்லப்பா. 1912இல் பிறந்தவர்; சுதந்திரப் போராட்டத்திலே சிறை சென்றவர். 1959 சனவரியிலே 'எழுத்து' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். பெருந்தொகையாய் விற்கும் பத்திரிகை நடத்துவது அவர் நோக்கமன்று. சில நூறு பேரே வாங்கினாலும் அவர்கள் நின்று நிதானித்து வாசிப்பவர்களாய் இருக்கவேண்டும் என்பதே நோக்கம். அந்த இதழ் 1970 வரை நடைபெற்றது. காளையோடு மல்லுக்கு நிற்கும் மனிதனைப் பற்றிய 'வாடிவாசல்' என்ற சிறு நாவலை 'எழுத்து பிரசுரம்' என்ற பெயரிலே அவரே வெளியிட்டார். அச்சிட்ட நூல்களைப் பையிலே போட்டுத் தோளிலே சுமந்து, கல்லூரி கல்லூரியாகச் சென்று மாணவரிடமும் ஆசிரியரிடமும் விற்றார்.

சிலர் அதைப் பரிதாபம் என்பர். நாம் அப்படிக் கருதவில்லை. தன் வாசகனின் முகத்தை நேருக்கு நேர் கண்ட எழுத்தாளன் அவர். 'சுதந்திர தாகம்' என்ற தமது பெரிய நாவலை மூன்று பாகங்களாக 1997இல் அவர் தாமே வெளியிட்டபோது எண்பத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்தார். மறு ஆண்டு திசம்பரிலே காலமானார். 2001இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. தோளிலே சுமந்து விற்ற 'வாடிவாசல்' பின்னர் பல பதிப்புகள் கண்டு, 2013இல் ஆங்கிலத்திலும் வந்தது. நூலை அச்சிலே ஏற்றி நாலு பேர் கையிலே சேர்த்துவிட்டபடியால் ஆசிரியர் போனபின்னும் அது தன் காலிலே நடந்தது. கையெழுத்துப் பிரதியாகவே கிடந்திருந்தால் விருது எதற்கு வந்திருக்கும்?

எமது நாட்டிலே இதற்கு ஒப்பானவர் டொமினிக் ஜீவா. பள்ளிப் படிப்பைத் தொடர முடியாமல் சிகையலங்காரத் தொழிலுக்கு வந்தவர். 1960இல் வெளியான 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966 ஓகத்து மாதம் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, யுத்தத்துக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே, 2012 வரை நானூறு இதழ்களுக்கு மேல் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்து வீதிகளிலே இதழை அவரே கையிலே ஏந்தி விற்றதைக் கண்டவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். அந்த இதழிலே எழுதி வளர்ந்த எழுத்தாளர் எத்தனை பேர்!

ஒரு காலத்திலே எமது நாவலாசிரியருக்கு நல்ல காற்றும் வீசிற்று. 1970ஆம் ஆண்டுக்குப் பின் இந்தியப் பத்திரிகைகளும் நூல்களும் இலங்கைக்கு வருவது கட்டுப்படுத்தப்பட்டது. அவ்வேளையிலே 'வீரகேசரி' நிறுவனம் உள்ளூர் நாவல்களை மலிவு விலையிலே வெளியிட்டுத் தன் பத்திரிகை விநியோக வழியாகவே நாடெங்கும் அனுப்பியது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'ம் பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும் 1973இல் அவ்வாறு வந்தவையே. 'வாடைக்காற்று' பருவத்துக்குப் பருவம் நெடுந்தீவிலே வாடி அமைத்து மீன்பிடிக்கும் மக்களின் கதை. 1978இல் திரைப்படமாகவும் வந்தது. வாடி என்றால் என்ன, வாடைக்காற்று வந்தால் கடல் எப்படியிருக்கும் என்று எமது ஊர்ப் பிள்ளைகளுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. அப்படியிருக்க, அத்தகைய நாவல் எமது கரையிலிருந்து ஏன் வரலாகாது?

அந்தக் காற்றும் ஓய்ந்தது. பெருநிறுவனம் எழுத்தாளனைத் தேடிவரும் காலம் போய்விட்டது. அவனே அச்சகத்தைத் தேடிப் போகவேண்டிய காலம் இது. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியிலே சிக்கியபோது, கடதாசி இல்லாமையால் மேல் மாகாணத்திலே பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. பரீட்சைக்கே கடதாசி இல்லையென்றால் நாவலுக்கு எங்கே கிடைக்கும்? அன்று ஏறிய அச்சுச் செலவைப் பழைய நிலையிலே எண்ணிக்கொண்டு இன்று எவரும் நூல் போட இறங்கக் கூடாது.

ஆகவே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு நாவலை 300 பிரதி அச்சிடுகிறோம் என்றும், பிரதி ஒன்றுக்கு 400 ரூபா செலவாகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு 120,000 ரூபா. நூலின் விலை 600 ரூபா என்று குறிக்கிறோம். பிரதிக்கு 200 ரூபா இலாபம் என்று மனம் துள்ளும். ஆனால் புத்தகக் கடைக்காரர் தம் கழிவாக நூற்றுக்கு 30, 35, சில இடங்களிலே 40 வீதம் கேட்பார். 35 வீதம் என்றால் 210 ரூபா அவருக்கு. எழுத்தாளனுக்கு 390 ரூபா. செலவோ 400! விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பத்து ரூபா கைநட்டம். கடைக்காரரைக் குறை சொல்வதிற் பயனில்லை. அவருக்கும் வாடகை உண்டு, வேலையாள் உண்டு. அதே நூலிலே 200 பிரதியை எழுத்தாளன் நேரிலே விற்றுவிட்டால் 120,000 ரூபாவும் திரும்பிவிடும். எஞ்சிய நூறு பிரதியை நூலகங்களுக்கும் கடைகளுக்கும் விமர்சகருக்கும் மனநிறைவோடு கொடுக்கலாம். இருநூறு வாசகர்! இந்தக் கரையிலே இருநூறு வாசகர் இல்லையா?

எமது சொந்த அனுபவமும் இதுவே. எமது முதல் நாவலின் வெளியீட்டு விழா சிறப்பாகவே நடந்தது. பொன்னாடை, மாலை, முதற் பிரதி, சிறப்புப் பிரதி என்று எல்லாம் உண்டு. மேடைக்கு வந்தவர்கள் அன்போடு கடித உறைகளைத் தந்து பிரதிகளைப் பெற்றுச் சென்றார்கள். மறுநாட் காலை எண்ணிப் பார்த்தபோது, அச்சிட்டதிலே பெரும்பங்கு பெட்டிகளிலேயே இருந்தது. தலைநகரிலே ஒரு கடைக்கு ஐம்பது பிரதி அனுப்பினோம். அந்தக் கணக்கு இன்றுவரை தீரவில்லை. மீதியைச் சைக்கிளிலே கட்டிக்கொண்டு முந்தல், உடப்பு, சிலாபம் என்று பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் போனோம். ஆசிரியர் ஓய்வறையிலே பத்து, வாசிகசாலையிலே இரண்டு, மீன் வாடியிலே ஒன்று என்று நூல்கள் போய்ச் சேர்ந்தன. வாடியிலே வாங்கியவருக்கு வாசிக்கத் தெரியாது. மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். "தம்பி, அடுத்த கதை எப்போது?" என்று அவர் கேட்ட கேள்விதான் எம்மை இரண்டாவது நாவல் எழுத வைத்தது. பொன்னாடை வைக்கவில்லை.

இளைஞர்களே, இனி உங்களுக்குச் சில யோசனைகள்.

முதலாவது: சிறிதாகத் தொடங்குங்கள். எடுத்த எடுப்பிலே நானூறு பக்க நாவலிலே இறங்கவேண்டாம். பத்திரிகைகளுக்கும் இது போன்ற மலர்களுக்கும் சிறுகதை எழுதுங்கள். இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' முதலில் 'தினகரன்' பத்திரிகையிலே தொடராக வந்து, பின்னரே நூலாயிற்று. வாரந்தோறும் வாசகன் காத்திருந்தானா, அலுத்துப்போனானா என்பதை அறிய அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

இரண்டாவது: எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் மூவரிடம் கொடுங்கள். ஒருவர் தமிழாசிரியர், அவர் எழுத்தையும் சந்தியையும் பார்ப்பார். ஒருவர் நீங்கள் எழுதிய தொழிலிலே ஊறியவர். கரைவலையைப் பற்றி எழுதினால் சம்மாட்டியிடமும் கயிறு இழுப்பவரிடமும் வாசித்துக் காட்டுங்கள். உப்பளத்தைப் பற்றி எழுதினால் பாத்தியிலே நின்று உப்பு வாருபவரிடம் காட்டுங்கள். மற்றொருவர் உங்கள் வயதுத் தோழர். எந்தப் பக்கத்திலே அவருக்குக் கொட்டாவி வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கத்தை வெட்டுங்கள்.

மூன்றாவது: அச்சின் கணக்கை அறிந்துகொள்ளுங்கள். நூல் பொதுவாகப் பதினாறு பக்கம் கொண்ட பாரங்களாக மடிக்கப்படுகிறது. 160 பக்கத்தில் முடியவேண்டிய நூல் 163 பக்கமானால், அந்த மூன்று பக்கத்துக்காக மேலும் கடதாசிச் செலவு வரும். பெரிய அச்சு யந்திரத்திலே தகடு செய்யும் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றே. ஆகவே தொகை கூடக்கூடப் பிரதியின் அடக்கம் குறையும். ஆனால் விலைப்படாத ஆயிரத்தைவிட விலைப்பட்ட நூறு மேல். கணினி வழி அச்சிலே இப்போது ஐம்பது, நூறு பிரதிகூட எடுக்கலாம். முதலிலே அப்படி எடுத்து விற்றுப் பார்த்துப் பின்னர் பெருக்குங்கள். அச்சுப்படியைத் திருத்தும்போது எழுதியவன் கண்ணை நம்பக் கூடாது. அவன் கண் எழுதியதை வாசியாமல் நினைத்ததையே வாசிக்கும். வேறொருவர் திருத்தட்டும்.

நான்காவது: உரிமையைக் காத்துக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நூலின் பதிப்புரிமை எழுதியவனுக்கே உரியது. எங்கும் பதிவு செய்யாமலே அது அவனைச் சேரும். அவன் வாழ்நாளும் அதற்குப் பின் எழுபது ஆண்டுகளும் நிலைக்கும். பதிப்பாளர் எவரிடமாவது நூலைக் கொடுத்தால், எத்தனை பிரதி, எந்தப் பதிப்பு, எவ்வளவு பணம், எப்போது என்பவற்றை எழுத்திலே வாங்குங்கள். நண்பரானாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும். நட்பு நீடிப்பதற்கும் அதுவே வழி.

ஐந்தாவது: நூலைப் பாதுகாக்க ஏற்பாடு செய்யுங்கள். தேசிய நூலகத்திலே சர்வதேச நியமப் புத்தக இலக்கம் பெற்று நூலிலே பதியுங்கள். ஊர் நூலகத்திலும் பல்கலைக்கழக நூலகங்களிலும் பிரதி இருக்கட்டும். 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் நூல்களும் சாம்பலாயின. அந்தத் துயரத்தை அறிந்த நாம் ஒரே இடத்தை நம்பியிருக்கலாகாது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து எவரும் வாசிக்க வைத்திருக்கிறது. உங்கள் நூலுக்கும் அங்கே இடமுண்டு.

இவையெல்லாம் சரி; எதை எழுதுவது என்று கேட்பீர்கள். கண்ணைத் திறந்து பாருங்கள். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு எத்தனை பேருக்கு இன்று முழுவதும் தெரியும்? புத்தளம் வாவிக் கரையிலே இறால் பண்ணை வந்த கதை, 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் பாழான கதை, நுரைச்சோலையிலே அனல் மின்நிலையம் எழுந்த கதை, 1990இலே வடக்கிலிருந்து ஒரே மூச்சிலே வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் இந்தக் கரையிலே ஓலைக் குடிசைகளிலே புது வாழ்வு தொடங்கிய கதை, இவையெல்லாம் எழுத ஆளில்லாமற் காத்திருக்கின்றன.

இதிலே அவசரமும் உண்டு. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையுள்ள கரையோரத்திலே, தமிழ் பேசிய குடும்பங்கள் பல இரண்டு மூன்று தலைமுறைக்குள்ளே வேறு மொழிக்கு மாறிவிட்டன. பாடசாலையின் மொழி மாறிற்று. பிறகு வீட்டின் மொழி மாறிற்று. எவர்மீதும் நாம் குறை கூறவில்லை. சிங்களமும் எமது அயலவரின் இனிய மொழியே. அதை எமது பிள்ளைகள் கற்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டன்மார் பேசிய கடற்றமிழ், காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் அவர்கள் வழங்கிய சொற்கள், எந்த நூலிலும் ஏறாமல் அவர்களோடேயே போயின. உடப்பிலும் ஆண்டிமுனையிலும் இன்றும் அந்தச் சொற்கள் உயிரோடு உலாவுகின்றன. அவற்றை ஒரு நாவலிலே வைத்துவிட்டால் நூறாண்டுக்குப் பின்னும் ஒருவன் எடுத்து வாசிப்பான். வையாவிட்டால், அவ்வளவுதான்.

கடைசியாகப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். திரௌபதை அம்மன் விழாவிலே பாரதக் கதையை நாட்கணக்காக இருந்து கேட்கும் மக்கள் நாம். நெடுங்கதைக்குக் காது கொடுக்க எமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. அந்தப் பழக்கம் அச்சு நூலுக்கும் வரவேண்டும். ஆண்டுக்கு ஒரு நூல் என்று இந்தச் சங்கம் ஒரு திட்டம் வகுக்கட்டும். இளைஞர் எழுதியவற்றுள் சிறந்த ஒன்றைக் கற்றறிந்த மூவர் தேர்ந்தெடுக்கட்டும். இருநூறு குடும்பங்கள் அச்சாகுமுன்பே அதன் விலையைச் செலுத்தி ஒரு பிரதிக்குப் பெயர் பதியட்டும். நாம் முன்பு போட்ட கணக்கின்படி, அச்சுச் செலவு முழுவதும் அதிலேயே அடங்கிவிடும். எழுதிய பிள்ளை கடன்படவேண்டியதில்லை. தாயின் நகை அடகுக்குப் போகவேண்டியதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு நூலின் விலை பாரமாகுமா? கலியாண வீட்டுப் பந்தலிலே ஒரு மின்விளக்குச் சரத்தைக் குறைத்தாற் போதுமே!

இளைஞர்களுக்குச் சொல்வது இது: எழுதுங்கள், எழுதியதைத் திருத்துங்கள், திருத்தியதை அச்சிடுங்கள், அச்சிட்டதைத் தோளிலே சுமந்து செல்ல வெட்கப்படாதீர்கள். பெரியோர்களுக்குச் சொல்வது இது: பிள்ளை நூலோடு படலையிலே வந்து நின்றால், "இருந்து தேநீர் குடி" என்று உபசரித்து அனுப்பிவிடாமல், ஒரு பிரதியை விலைக்கு வாங்குங்கள். வாங்கியதை வாசியுங்கள். வாசித்துவிட்டு நல்லது எது, தீயது எது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அதைவிடப் பெரிய பரிசு எழுத்தாளனுக்கு வேறில்லை.